போகவா, இருக்கவா? கர்த்தர் சொல்வதை எப்படி அறிவது?

பொகவந்தலாவைத் தங்கச்சி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்கு 22 வயது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) அம்மா, தம்பி, நான். மூன்று வருடமாக ஞாயிறு பாடசாலையில் சின்னப்பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். இப்போது கொழும்பில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை சரிவந்திருக்கிறது. அடுத்த மாதம் 1ஆம் திகதி சேர வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் தேயிலை மலைக்கு வேலைக்குப் போகிறார்.

ஜெபித்துவிட்டு, வேத வசன அட்டைகள் போட்டு வைத்திருக்கும் வாக்குத்தத்தப் பெட்டியில் பார்க்காமல் ஓர் அட்டை எடுத்தேன். ஆபிராமிடம் உன் தேசத்தை விட்டுப் புறப்படு என்று சொன்ன வசனம், ஆதியாகமம் 12:1. சரி, போகச் சொல்கிறார் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் மனம் கேட்காமல் இன்னொன்று எடுத்தேன். "தேசத்தில் குடியிருந்து சத்தியத்தை மேய்ந்துகொள்", சங்கீதம் 37:3. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். இரண்டுமே வேதம்தானே? எதை எனக்கென்று எடுத்துக்கொள்வது?

நுவரெலியா அண்ணன்:

தங்கச்சி, அட்டையைக் குறை சொல்லமாட்டேன். அப்பா இறந்த அன்று எனக்கு வந்த வசனம்தான் என்னை நிமிர்த்தியது. ஆனால் அது ஆறுதல். வேலைக்குப் போவதா வேண்டாமா என்பதற்கு நான் அட்டை எடுப்பதில்லை. உங்கள் சபை ஐயரிடம் (போதகரிடம்) பேசினீர்களா?

மஸ்கெலியா அம்மா:

மகளே, நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள் நான்.

1998இல் வெளிநாட்டு வேலைக்குப் போகலாமா என்று நானும் அடையாளம் கேட்டேன். ஜூலை மாதம், விடாத மழை. "ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தால் போகிறேன், ஆண்டவரே" என்றேன். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பத்து நிமிடம் வெயில் அடித்தது. போய்விட்டேன். எட்டு மாதம் சம்பளமே தரவில்லை. கடன்தான் இரட்டிப்பானது. பிறகு யோசித்துப் பார்த்தால், அடையாளம் கேட்கும்போதே என் மனம் பையைக் கட்டி வைத்திருந்தது. கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டு, அது மட்டும் பனியில் நனைய வேண்டும் என்று தேவனிடம் அடையாளம் கேட்ட கதையை எல்லாரும் சொல்வார்கள். நியாயாதிபதிகள் 6ஐ முதலிலிருந்து வாசித்துப் பார். இன்னதைச் செய் என்று தேவன் சொல்லி முடித்த பிறகுதான் அவன் தோலைப் போடுகிறான்.

எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். கொழுந்துக்குப் போன முதல் மாதம் ஒவ்வொரு கிளையையும் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் கிள்ளினேன். இரண்டு இலையும் மொட்டும் வர வேண்டிய இடத்தில் முற்றல் இலையும் சேர்ந்து வரும். வேலையை மேற்பார்க்கும் கங்காணி கூடைக்குள் கைவிட்டு அதைப் பொறுக்கி என் முன்னால் போடுவார். அழுகை வரும். இரண்டாம் வருடம் பேசிக்கொண்டே கிள்ளினேன். முற்றல் தண்டு நகத்துக்கு அடியில் நார் மாதிரி இழுக்கும், இளசு சட்டென்று முறியும். பனி மூடி முன்னால் நிற்பவள் தெரியாத காலையிலும் விரல் பிழை விடாது.

எபிரெயர் 5:14 அதைத்தான் சொல்கிறது. நன்மை தீமையைப் பயிற்சியினால் பகுத்தறிகிறவர்கள் என்று இருக்கிறது. பயிற்சியினால்! அந்த வார்த்தையில் விரலை வைத்து வாசி. கடைக்காரர் மிச்சக்காசைக் கூடுதலாகத் தந்தால் திருப்பிக் கொடுப்பது, மன்னிப்புக் கேட்கச் சொல்லி உள்ளே உறுத்தினால் அன்றைக்கே கேட்பது, இதிலெல்லாம் கீழ்ப்படிந்து பழகினால்தான் அவர் சத்தம் பிடிபடும். சிறுவன் சாமுவேலைக் கர்த்தர் கூப்பிட்டபோது, அவனுக்கே மூன்று தரம் ஆசாரியன் ஏலியின் குரல் என்றுதான் தோன்றியது. கூப்பிடுகிறவர் யார் என்று சொல்லிக்கொடுக்க அவனுக்கு ஒரு கிழவர் தேவைப்பட்டார்.

ஒன்று கேட்கிறேன். அம்மாவிடம் கேட்டாயா?

தலவாக்கலை சகோதரன்:

நான் கத்தோலிக்கன். இயேசு சபையைத் தொடங்கிய எங்கள் புனித இஞ்ஞாசியார் 1521இல் ஸ்பெயினில் பம்பலோனாச் சண்டையில் குண்டடிபட்டுக் கால் உடைந்து படுக்கையில் கிடந்தார். போர்வீரனாகப் பெயர் எடுக்கும் கனவு காணும்போது இனிக்கும், பிறகு மனம் வறண்டுவிடும். புனிதர்களைப்போல் வாழ நினைத்தால் அந்த மகிழ்ச்சி அப்புறமும் தங்கியிருக்கும். இந்த வித்தியாசத்தைக் கவனித்தவர் அவர். நீங்களும் மூன்று நாள் "போகிறேன்" என்று முடிவெடுத்தவராக இருங்கள், மூன்று நாள் "இருக்கிறேன்" என்று. இரவில் மனதில் என்ன மிஞ்சுகிறது என்று எழுதி வையுங்கள். மனம் சோர்ந்து கிடக்கும் நாளில் மட்டும் எதையும் மாற்ற வேண்டாம்.

பொகவந்தலாவைத் தங்கச்சி:

அம்மா, நீங்கள் கேட்ட பிறகுதான் உறைத்தது. அட்டைப் பெட்டியிடம் கேட்டேன், அம்மாவிடம் கேட்கவில்லை. நேற்று ராத்திரி ரொட்டி சுடும்போது சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு, "நீ போனாலும் சரி, இருந்தாலும் சரி. என் முழங்காலைக் காரணம் காட்டி மட்டும் இருந்துவிடாதே" என்றார்.

இன்று கொழும்புக்குப் போன் எடுத்து, பதில் சொல்லப் பத்து நாள் கேட்டேன். தந்தார்கள். சனிக்கிழமை ஐயரைப் பார்க்கப் போகிறேன், அம்மாவும் வருகிறார். கொப்பி ஒன்று எடுத்து முதல் பக்கத்தில் "போகிறேன்" என்று எழுதியிருக்கிறேன். இன்று முதல் நாள்.