கீழ்ப்புத்துப்பட்டு கோயில் காடு: எப்போது போகலாம், எதைப் பார்க்கலாம்?

கேள்வி (புதுவாசி): புதுச்சேரியிலிருந்து அரை நாளில் போய்வரத் திட்டம். மரங்களை அடையாளம் காண வேண்டும். எந்த மாதம் சரி?

பதில் (சருகு): கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டைத் தாண்டினால் மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில், அதைச் சுற்றித்தான் காடு. பறவைகளுக்கு மார்கழி, தை. ஆறுமணிக் குருவி அப்போது இருக்கும், விடிந்ததும் கூப்பிடும். பழங்களுக்குச் சித்திரை, வைகாசி. ஆடியில் கோயில் கூட்டம், தவிர்த்துவிடுங்கள்.

பதில் (வீரை): இது உலர் பசுமைமாறாக் காடு, கோடையிலும் இலை மொத்தமாக உதிராது. முதலில் இலையடுக்கைப் பாருங்கள். எதிரெதிராக, தடித்த பளபள இலை, கிளையை ஒட்டி நீலப்பூ என்றால் காசான். மாறிமாறி இலை, அடிமரம் ஆழமாக வரிவரியாகக் குழிந்திருந்தால் வீரை. உலக்கைப்பாலைக்கு இலை நுனி உட்குழிந்திருக்கும், காம்பில் பால் வரும். முள்ளும் எலுமிச்சை வாசமும் இருந்தால் காட்டு எலுமிச்சை. எதையும் கிள்ள வேண்டாம், கீழே விழுந்த இலையே போதும்.

புதுவாசி: உள்ளே நடக்கலாமா?

சருகு: இருக்கும் ஒற்றையடிப் பாதையில் மட்டும். ஓரமாக மிதித்தால் மண் இறுகி வீரைக் கன்றுகள் சாகும். பாதை அகன்று வெயில் விழுந்தால் உண்ணிச்செடி புகுந்துவிடும், அதை விரட்டுவது பெரும்பாடு. சருகில் விரியன் படுத்திருக்கும். கணுக்காலை மூடும் ஷூ போடுங்கள், சன்னதிக்கு முன் கழற்றிவிடுங்கள். சுள்ளிகூட எடுக்காதீர்கள், ஊர் வழக்கம் அது.