கப்பிக்குப் பிளட் வார்ம் போட்டேன், இரண்டு மீன் போய்விட்டது

ஆனையூர்க்காரன் (ஞாயிறு, இரவு 9.40)
வீட்டில் இரண்டடி மீன் தொட்டி. ஆறு கப்பி, எட்டு நியான் டெட்ரா. மகளுக்காக வாங்கியது, இப்போது அதன் முன்னால் உட்கார்ந்திருப்பது நான்தான். மூன்று வாரம் முன்பு வளர்ப்பு மீன் கடையில் ஃப்ரோசன் பிளட் வார்ம், அதாவது உறைய வைத்த சிவப்புப் புழுக் கட்டிகள் உள்ள அட்டை ஒன்றைக் கொடுத்து, “சின்ன மீனுக்கு இதைப் போடுங்க, கலர் ஏறும்” என்றார்கள். தினமும் ராத்திரி ஒரு கட்டி போட்டேன். பாய்ந்து பாய்ந்து தின்றன. இந்த வாரம் ஒரு ஆண் கப்பியும் ஒரு டெட்ராவும் செத்துவிட்டன. இன்னொரு கப்பி வயிறு ஊதி ஓரமாக நிற்கிறது. புழுதான் காரணமா? மகள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

செதில் (ஞாயிறு, இரவு 10.05)
புழுதான் தம்பி, வேறென்ன? முதலில் நிறுத்துங்கள்.

அது புழுவே இல்லை என்பது தனிக் கதை. கொசு மாதிரியே இருக்கும், ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் இளம்பருவம் அது. ஆக்ஸிஜன் குறைந்த சேற்றுக்குள் கிடந்து வளர்வதால் உடம்பில் ஹீமோகுளோபின் வைத்திருக்கிறது. அந்தச் சிவப்புதான் பெயருக்குக் காரணம். சேற்றில் ஈயம், காட்மியம் இருந்தால் அதுவும் உடம்பில் சேரும். உறைந்த கட்டியில் பெரும்பகுதி தண்ணீர். கலர் ஏறும் என்பது கடைப் பேச்சு. கப்பியின் சிவப்பிலும் ஆரஞ்சிலும் தீனியிலிருந்து வருகிற கரோட்டினாய்டு நிறமிக்குப் பங்கு உண்டு, அதற்கு ஸ்பைருலினாப் பாசி கலந்த நல்ல தீனி போதும்.

இன்னொன்று. இந்தப் புழுவின் ஹீமோகுளோபினே மனிதர்களுக்கு அலர்ஜி தரும். எனக்குத் தந்தது. உலர்ந்த புழு டப்பாவைத் திறந்த அரை மணி நேரத்தில் தும்மல், கண் அரிப்பு, அப்புறம் இளைப்பு. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே “வீட்டில் மீன் வளர்க்கிறீர்களா?”

நாலடித்தொட்டி (ஞாயிறு, இரவு 10.50)
செதில் டீச்சர், உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக மீனுக்கும் ஒத்துக்கொள்ளாது என்றால் எப்படி? அலர்ஜி உள்ளவர்கள் கையுறை போடட்டும், உலர்ந்ததை வாங்கவே வேண்டாம். அதுவரை சரி.

பலர் டியூபிஃபெக்ஸையும் இதையும் போட்டுக் குழப்புகிறார்கள். சாக்கடை ஓரத்தில் நூல் கொத்து மாதிரி ஆடுகிறதே, அது டியூபிஃபெக்ஸ். அதை உயிரோடு வாங்கிவந்து சரியாகக் கழுவாமல் போட்டு நோயை வரவழைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு நானும் எதிரிதான். பிளட் வார்ம் வேறு வகை. சில கம்பெனிகள் காமா கதிர் செலுத்திக் கிருமி நீக்கித்தான் உறைய வைக்கின்றன.

தம்பி, உங்கள் தப்பு அளவில் இருக்கிறது. பதினாலு குட்டி மீனுக்குத் தினம் ஒரு கட்டியா? ஒரு கட்டியில் எத்தனை புழு இருக்கிறதென்று தட்டில் போட்டு எண்ணிப் பாருங்கள். நியானின் வாய்க்கு ஒரு புழுவே பெரிசு. பாதி உள்ளே, பாதி வெளியே, பீடி பிடித்த மாதிரி சுற்றும். பெரிய புழுவை வெட்டித்தான் போட வேண்டும். தொட்டித் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் எடுத்து, அதில் கட்டியைக் கரையவிட்டு, டீ வடிகட்டியில் வடித்துச் சிவப்புத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தொட்டியைக் கெடுப்பது பாதி அந்தத் தண்ணீர்தான். ஒரு மீனுக்கு இரண்டு, மூன்று புழு. வாரம் இரண்டு தடவை. இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்காததை அள்ளி வெளியே போட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கறிதோசை தின்கிறோம் என்பதற்காகத் தினமும் தின்கிறோமா?

கரிமேட்டான் (ஞாயிறு, இரவு 11.10)
பாண்டியன் கொடியில் மீன் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், யாரும் அதற்குப் புழு போடாததுதான்.

செதில் (திங்கள், காலை 6.30)
கறிதோசைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ருசி கண்டபின் மீன் மறுநாள் உருண்டைத் தீனியைத் துப்புகிறது. துப்பினதும் நமக்கு மனசு கேட்காது, திரும்பவும் கட்டியை எடுப்போம். இவர் தினமும் போட்டது அளவு தெரியாததால் இல்லை சார், அது பாய்ந்து வருவதைப் பார்க்கிற ஆசையால். வாரம் இரண்டு தடவை என்று எழுதுவது சுலபம்.

மொட்டைமாடி (திங்கள், காலை 8.15)
காசு கொடுத்து ஏன் புழு வாங்க வேண்டும்? மாடியில் ஒரு பக்கெட் தண்ணீரில் இரண்டு காய்ந்த இலை. நாலே நாளில் கொசுப்புழு. கப்பிக்கு இதைவிட இயற்கையான தீனி உண்டா? கொசுவை ஒழிக்கக் கிணற்றில் விடுகிற மீனே கப்பிதானே.

நாலடித்தொட்டி (திங்கள், காலை 8.40)
அண்ணே, பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டு வந்து பேசுங்கள். நம்மூர் வெயிலுக்கு ஏடிஸ் முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். ஒரு நாள் வெளியூர் போனீர்கள் என்றால் தெருவுக்கே டெங்கு கொடுத்த புண்ணியம். டெங்கு பார்க்கிற மாநகராட்சி ஆட்கள் கண்ணில் பட்டால் அபராதம் தனி.

செதில் (திங்கள், காலை 8.52)
இந்த ஒரு விஷயத்தில் நாலடி சாரோடு நான் ஒரே கட்சி.

மொட்டைமாடி (திங்கள், காலை 9.30)
தினமும் வடிகட்டித்தான் எடுக்கிறேன், மேலே வலையும் கட்டியிருக்கிறேன். சரி, விடுங்கள்.

நாலடித்தொட்டி (திங்கள், மாலை 7.20)
ஆனையூர்த் தம்பி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்த அட்டையில் கட்டிகள் இப்போது தனித்தனியாக இருக்கின்றனவா?

ஆனையூர்க்காரன் (திங்கள், இரவு 8.05)
இல்லை அண்ணே. எல்லாம் சேர்ந்து ஒரே பாளமாக, கொஞ்சம் கறுப்பாக இருக்கிறது. போன செவ்வாய் எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு, காலை முதல் சாயங்காலம் வரை கரண்ட் இல்லை. ஃப்ரீசரில் எல்லாம் உருகி, ராத்திரி மறுபடி உறைந்தது. அம்மா அதைத் தோசை மாவுக்குப் பக்கத்தில் பார்த்துவிட்டு அன்றைக்கு ஃப்ரிட்ஜையே கழுவினார். நான் அட்டையைக் காப்பாற்றித் திரும்ப வைத்தேன்.

நாலடித்தொட்டி (திங்கள், இரவு 8.11)
அவ்வளவுதான், விஷயம் வெளியே வந்துவிட்டது. உருகி மறுபடி உறைந்தால் அது கெட்டுப்போன கறி. அதைத்தான் நாலைந்து நாள் போட்டிருக்கிறீர்கள். இதில் புழு என்ன பாவம் செய்தது?

செதில் (திங்கள், இரவு 8.30)
ஜெயித்துவிட்ட மாதிரி எழுத வேண்டாம். மாதாமாதம் கரண்ட் போகிற ஊரில் ஃப்ரோசன் தீனி வைத்துக்கொள்ளச் சொல்லி அறிவுரை தருகிறவர், முதலில் அதையல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

சரி, நானும் அவசரப்பட்டேன். தம்பி, அந்தச் செவ்வாய்க்கிழமை ஃபில்டரும் நின்றிருக்குமே?

ஆனையூர்க்காரன் (திங்கள், இரவு 8.44)
நின்றது. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று நினைத்து இன்னொரு கட்டி போட்டேன்.

செதில் (திங்கள், இரவு 9.10)
அது மூச்சு, பசி இல்லை. சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே குறைவு. ஃபில்டருக்குள் இருக்கிற நல்ல பாக்டீரியாவும் ஓட்டம் இல்லாமல் சாகத் தொடங்கும். அதன்மேல் தின்னாத புழு அழுகினால் அம்மோனியா ஏறும். நீங்கள் ஊற்றுவது போர் தண்ணீரா? காரத்தன்மை கூடக்கூட, சூடு கூடக்கூட, அதே அளவு அம்மோனியா இன்னும் கடுமையான விஷம். இன்றைக்கே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். இரண்டு நாள் பட்டினி போடுங்கள். ஒரு டெஸ்ட் கிட் வாங்கிப் பாருங்கள்.

வயிறு ஊதிய கப்பியை மேலிருந்து பாருங்கள். செதில்கள் சிலிர்த்து அன்னாசிப்பழம் மாதிரி தெரிந்தால் நிலைமை மோசம். இல்லையென்றால் வேகவைத்த பட்டாணியைத் தோலுரித்துத் துளியூண்டு கொடுக்கலாம்.

நாலடித்தொட்டி (திங்கள், இரவு 9.25)
டீச்சர் சொல்வதைக் கேளுங்கள். நியானைப் பற்றி நானும் ஒரு வார்த்தை. அது அமேசான் காட்டு நிழலில் வாழ்கிற மீன், இருபத்தைந்து டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் அதற்கு நிம்மதி. நம்மூர்க் கோடையில் தொட்டித் தண்ணீர் முப்பதைத் தாண்டுகிறது. டெட்ரா செத்ததற்குப் புழுவை மட்டும் கூண்டில் ஏற்ற முடியாது. பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள், அடுத்த பராமரிப்பு வரத்தான் போகிறது.

ஆனையூர்க்காரன் (புதன், காலை 7.15)
கிட் வாங்கிப் பார்த்தேன். அம்மோனியா காட்டியது. நேற்றும் இன்றும் தண்ணீர் மாற்றினேன். வேறு எதுவும் சாகவில்லை. அட்டையை அம்மா குப்பையில் போட்டுவிட்டார், நான் கேட்கவில்லை.

வயிறு ஊதிய கப்பி இன்று காலை குட்டி போட்டிருக்கிறது. மகள் பதினேழு எண்ணினாள், டெட்ரா தின்றது போக. எனக்கு ஆண், பெண் தெரியும், சினை தெரியாது. அவள் பேசிவிட்டாள். குட்டிகளுக்கு என்ன போடுவது?

நாலடித்தொட்டி (புதன், காலை 7.22)
முதலில் குட்டிகளைத் தனியாக எடுங்கள். ஆர்டீமியா முட்டை வாங்கி உப்புத் தண்ணீரில் ஏர் விட்டுப் பொரிக்க வையுங்கள், ஒரு நாளில் பொரியும். தூத்துக்குடி உப்பளத்தில் தானாகவே வளர்கிற, இறால் மாதிரியான குட்டி உயிரிதான்.

மொட்டைமாடி (புதன், காலை 7.30)
எதற்குச் செலவு? அவித்த முட்டையின் மஞ்சள் கரு, ஊசி முனை அளவு.

செதில் (புதன், காலை 7.34)
மஞ்சள் கருவா? இப்போதுதானே அம்மோனியா இறங்கியிருக்கிறது!