அசிசி சுவரோவியங்கள்: ஜோத்தோவா, வேறு ஆளா?

பழஞ்சுண்ணம்:
இத்தாலியின் அசிசி நகரில், இரண்டடுக்குப் பிரான்சிஸ்கன் கோயிலின் மேல்கோயிலில் புனித பிரான்சிஸின் கதையைச் சொல்லும் 28 சுவரோவியங்களையும் 1300 வாக்கில் வாழ்ந்த ஓவியர் ஜோத்தோ தலையில் கட்டுவதை எப்போதுதான் நிறுத்துவார்களோ! அவர்தான் வரைந்தார் என்று ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி சொன்னது 1568இல், இரண்டரை நூற்றாண்டு கழித்து. பாதுவா நகரில் ஜோத்தோ வரைந்த முகங்களைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால், இது வேறு கை என்று கண்ணே சொல்லிவிடும்.

மாடப்புறா:
வசாரியை விடுங்கள். 1313 வாக்கில், ஜோத்தோ உயிரோடு இருக்கும்போதே, அசிசி பிரான்சிஸ்கன் கோயிலில் அவர் வரைந்திருப்பதாக ஃபெராராவின் வரலாற்று எழுத்தாளர் ரிக்கோபால்டோ எழுதிவிட்டாரே?

பழஞ்சுண்ணம்:
எந்தச் சுவர் என்று சொன்னாரா? கீழ்க்கோயிலில் மகதலேனா சிற்றாலயம் இருக்கிறது. அது ஜோத்தோ பட்டறை வேலை என்பதில் எனக்கும் சண்டை இல்லை.

மாடப்புறா:
சரி, பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் பலகை ஓவியத்துக்கு என்ன பதில்? பிரான்சிஸ் தன் உடலில் கிறிஸ்துவின் ஐந்து காயங்களைப் பெறும் காட்சி, பீசாவிலிருந்து போனது. சட்டத்தில் ஜோத்தோவின் பெயர் லத்தீனில் இருக்கிறது. அடியில் மூன்று சின்னப் படங்கள்: சரியும் கோயிலைப் பிரான்சிஸ் தாங்குவதாகப் போப் காணும் கனவு, பிரான்சிஸின் துறவற சபை விதிகளுக்குப் போப்பின் ஒப்புதல், பறவைகளுக்குப் போதனை. மூன்றும் அசிசியைப் பார்த்துப் போட்ட மாதிரியே இருக்கின்றன. அடுத்தவன் சரக்கில் தன் பெயரை எழுதுகிற ஆளா அவர்?

பழஞ்சுண்ணம்:
துறவிகள் "அசிசியில் இருப்பதுபோல வேண்டும்" என்று கேட்டிருந்தால்? அந்தக் காலத்தில் பெயர் என்பது பட்டறை முத்திரைதானே.

சாரக்கட்டு:
இருவரும் ஒரே ஆளைத் தேடுகிறீர்கள். ஈரச் சுண்ணாம்பில் வரைபவர்கள் அன்றைக்கு முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே பூசுவார்கள். அந்தப் பூச்சுகளின் விளிம்பை எண்ணியே வேலை நாள்களைக் கணக்கிடலாம். ஓவியங்களைச் சீரமைக்கும் பணியில் சாரமேறிப் பார்த்த ப்ரூனோ சனார்தி, முகங்களின் தோல் நிறத்தைத் தீட்டிய முறையை வைத்து மூன்று தலைமை ஓவியர்களைப் பிரித்துக் காட்டினார். முதல் படமும் கடைசி மூன்றும் வேறொருவருடையவை என்று ஜோத்தோ கட்சிக்காரர்களிலேயே பலர் ஒப்புக்கொள்கிறார்கள்.

மாடப்புறா:
கை எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும். திட்டம் போட்ட தலை யாருடையது?

பழஞ்சுண்ணம்:
ரோமாபுரிக்காரருடையது. அந்த ஊர் ஓவியர் கவல்லினி அங்கே சாந்தா செசிலியா கோயிலில் வரைந்த இறுதித் தீர்ப்பைப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

மாடப்புறா:
பார்த்தாயிற்று. அந்த அப்போஸ்தலர்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அசிசியிலோ ஒருவன் ஊற்றுநீர் குடிக்கத் தரையோடு கவிழ்ந்து கிடக்கிறான், அவன் தாகம் நமக்கே தொண்டையில் ஏறுகிறது. உங்களுக்கு ஆகாத வசாரியும் அவனைத்தான் மெச்சினார்.