எர்பா மாத்தே: அடித்தண்டு விட்டத்தை வைத்து இலை எடை கணித்தது இரண்டாம் அறுவடையில் பொய்க்கிறது, உதவி தேவை

செம்மண்காடு:
எல்லாருக்கும் வணக்கம். தெற்கு பிரேசிலில் பரானா மாநிலத்தில் ஒரு எர்பா மாத்தே (இலையைத் தேநீர் போலப் போட்டுக் குடிக்கும் மரம்) சோதனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். 40 தாய் மரங்களின் விதையிலிருந்து வந்த 40 குடும்பங்கள், 5 பிளாக் (தோட்டத்தைப் பிரித்த பகுதிகள்), பிளாக்குக்கு ஒவ்வொரு குடும்பத்திலும் 6 மரம், ஆக 1,200 மரங்கள். அதிக இலை தரும் மரங்களைப் பொறுக்க வேண்டும். எல்லாவற்றையும் எடை போட ஆள் இல்லாததால், முதல் கவாத்தில், அதாவது கிளை வெட்டி இலை எடுக்கும் அறுவடையில், 60 மரங்களை மட்டும் எடை போட்டு, தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் தண்டின் விட்டத்தை அளந்து, இரண்டுக்கும் லாக் (இயல் மடக்கை) எடுத்து ஒரு சமன்பாடு பொருத்தினேன். ஆர்-ஸ்கொயர் (1-ஐ நெருங்க நெருங்கப் பொருத்தம் நல்லது) 0.8-க்கு மேல். ரொம்ப நம்பினேன். 18 மாதம் கழித்து இரண்டாம் அறுவடையில் 20 மரங்களைச் சரிபார்த்தால், 6 கிலோ என்று சமன்பாடு சொன்ன மரம் மூன்றரை கிலோகூட தேறவில்லை, வேறு சில மரங்களில் அப்படியே தலைகீழ். எங்கே தப்பு செய்தேன்?

கொழுந்துக்கூடை:
நான் வால்பாறைப் பக்கம் தேயிலையில் இருப்பவன், உங்கள் மரத்தை நேரில் பார்த்ததில்லை. ஆனால் கவாத்து என்றால் எங்கும் கவாத்துதான். வெட்டினால் தண்டு சிறுத்துவிடாது தம்பி, போவது கிளையும் இலையும்தான். முதல் அறுவடை வரை தண்டும் தலையும் சேர்ந்து வளர்ந்ததால் விட்டம் இலையைச் சொன்னது. அப்புறம் வரும் இலை, போன தடவை எவ்வளவு கிளையை விட்டுவைத்தார்கள், எத்தனை துளிர் கிளம்பியது என்பதைப் பொறுத்தது. வெட்டியது ஒரே குழுவா?

செம்மண்காடு:
இல்லை அண்ணா, இரண்டு குழு. 1 முதல் 3 பிளாக் வரை ஒரு குழு, மீதி இரண்டும் இன்னொரு குழு. இரண்டாவது குழு நிறைய கிளையை விட்டுவைத்தது, இப்போதுதான் உறைக்கிறது.

கொழுந்துக்கூடை:
முழுப் பிளாக்காகப் பிரித்து வெட்டியது நல்லதாகப் போயிற்று. கணக்கில் பிளாக்கைச் சேர்த்தால் அந்தச் சராசரி வித்தியாசம் கழிந்துவிடும். ஒரே பிளாக்குக்குள் கலந்து வெட்டியிருந்தால் பெரிய தலைவலி.

விதைக்கணக்கு:
கவாத்து பற்றி அவர் சொன்னது சரி. எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. சமன்பாடு தரும் எடையை வைத்து மரத்தைப் பொறுக்கினால் நீங்கள் பொறுக்குவது இலையை அல்ல, தண்டு விட்டத்தை. ஒரே விட்டமுள்ள இரண்டு மரத்தில் ஒன்று இலை அடர்ந்தும் ஒன்று இலை குறைந்தும் நின்றால் சமன்பாட்டுக்கு இரண்டும் ஒன்றே, ஆனால் உங்களுக்கு வேண்டியது அந்த வித்தியாசம்தானே! விட்டத்துக்கும் இலைக்கும் மரபுவழித் தொடர்பு எவ்வளவோ அவ்வளவு முன்னேற்றம்தான் கிடைக்கும்.

லாக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. லாக்கில் பொருத்தியதை அப்படியே கிலோவுக்குத் திருப்பினால் சராசரி குறைத்துக் காட்டும். எச்சத்தின், அதாவது லாக்கில் சமன்பாடு சொன்னதற்கும் நிஜ எடைக்கும் உள்ள வித்தியாசத்தின், திட்ட விலக்கம் 0.5 என்றால் 1.13-ஆல் பெருக்கினால்தான் சரியாகும். இது தரவரிசையை மாற்றாது, எக்டேருக்கு எவ்வளவு என்று சொல்லும்போதுதான் மாட்டிக்கொள்வீர்கள்.

என் யோசனை: எப்படியும் அறுவடையில் எல்லா மரத்தையும் வெட்டத்தான் போகிறார்கள். அடுத்த தடவை ஒவ்வொரு பிளாக்கிலும் ஒரு குடும்பத்தின் 6 மரக் கிளைகளையும் ஒரு தார்பாயில் சேர்த்துத் தொங்கு தராசில் போடுங்கள், 200 எடைதான். அதில் குடும்பங்களின் தரம் தெரிந்துவிடும். அதற்கடுத்த அறுவடையில் முதல் 10 குடும்பங்களின் 300 மரங்களை மட்டும் தனித்தனியாக எடை போடலாம். பக்கத்து மரம் செத்துப்போன இடங்களைக் கட்டாயம் குறித்துவையுங்கள், வெளிச்சம் கூடுதலாகக் கிடைத்த மரம் நல்ல மரம் மாதிரி நடிக்கும்.

ஒரே அறுவடையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஒரு மரம் அறுவடைக்கு அறுவடை தன் இடத்தைத் தக்கவைக்கும் அளவு, அதாவது ரிப்பீட்டபிலிட்டி, 0.4 என்று வைத்துக்கொண்டால், மூன்று அறுவடைச் சராசரியில் அது 0.67, நான்கில் 0.73. மூன்றுக்குப் பிறகு காத்திருப்பதில் பெரிய லாபம் இல்லை.

செம்மண்காடு:
விட்டத்தைத்தான் பொறுக்கிக்கொண்டிருந்தேன் என்று படித்ததும் வயிற்றைக் கலக்கியது, ஆனால் இப்போதாவது தெரிந்ததே. இன்னொரு சந்தேகம்: தராசில் குச்சியும் சேர்ந்துதானே ஏறும்?

விதைக்கணக்கு:
ஆமாம். ஆலைக்கு இலையோடு மெல்லிய குச்சியும் போகும், அதனால் தடித்த கிளையை மட்டும் கழித்துவிட்டு எடை போடுங்கள். ஒவ்வொரு கட்டிலிருந்தும் அரை கிலோ எடுத்து, இலை வேறு குச்சி வேறாகப் பிரித்து, 65 டிகிரி அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தினால் அந்த விகிதத்தை முழு எடைக்குப் போடலாம். மாதிரியை வெட்டிய உடனே எடை போடுங்கள், மத்தியானம் வரை வெயிலில் கிடந்தால் ஈரம் போய்க் கணக்கு கெடும்.

செம்மண்காடு:
சரி, ஜூலை அறுவடைக்கு முன்னால் தராசு இரண்டு வாங்கச் சொல்லிவிட்டேன். இந்த முறை எல்லாப் பிளாக்குக்கும் ஒரே குழுவைத்தான் கேட்கப்போகிறேன். எடை வந்ததும் இங்கேயே போடுகிறேன்.