எம்.பில். ஊக்க ஊதியத்துக்குத் தணிக்கைத் தடை, நாலே முக்கால் லட்சம் கட்டச் சொல்கிறார்கள். யாராவது உதவுங்கள்

கணக்கு டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். 2004-ல் தொகுப்பூதியத்தில் சேர்ந்து 01.06.2006 முதல் காலமுறை ஊதியத்துக்கு வந்த செட். எம்.எஸ்சி.க்கு முதல் ஊக்க ஊதியம் (கூடுதல் படிப்புக்குக் கொடுக்கிற இரண்டு ஊதிய உயர்வு) வாங்கினேன். அப்புறம் தொலைநிலைக் கல்வியில் எம்.பில். முடித்தேன். எம்.பில்.லுக்கும் உண்டு என்று 2013-ல் அரசாணை வந்ததும் விண்ணப்பித்து இரண்டாவது ஊக்க ஊதியமும் வாங்கினேன். உண்மைத்தன்மைச் சான்று, செயல்முறைகள் (அலுவலக ஆணை), பணிப்பதிவேட்டில் பதிவு, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. போன மாதம் தணிக்கைக்கு வந்தவர்கள் "அங்கீகாரம் இல்லாத எம்.பில். பட்டத்துக்கு வழங்கப்பட்ட இரண்டு ஊதிய உயர்வுகளை மீள வசூலிக்க வேண்டும்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அகவிலைப்படியோடு சேர்த்து நாலே முக்கால் லட்சம் ஆகிறது. அலுவலகத்தில் போய்க் கேட்டால் "எம்.பில்.தான் இப்போ இல்லவே இல்லையே மேடம், யு.ஜி.சி.யே ரத்து பண்ணிட்டாங்க" என்கிறார்கள். 15 நாளில் விளக்கம் தரச் சொல்லிக் குறிப்பாணை கையில் இருக்கிறது, அதில் ஆறு நாள் போய்விட்டது. இப்போது ரத்து செய்த படிப்புக்கு அப்போது வாங்கிய சம்பளம் எப்படித் தப்பாகும்? ஒன்றும் புரியவில்லை.

மலையடிவாரம்:
டீச்சர், எங்கள் ஒன்றியத்திலும் ஒருவருக்கு இதே மாதிரி வந்தது. பட்டமே செல்லாது என்று ஆன பிறகு சண்டை போட்டுப் பிரயோசனம் இல்லை. தவணை கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு மாசம் ஐயாயிரம் ஐயாயிரமாகக் கட்டிவிடுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கிற காசும் அலைச்சலும் மிச்சம்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்:
அம்மா, முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். மேலே சொன்ன தம்பி பேச்சைக் கேட்டுத் தவணைக் கடிதம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். தவணை கேட்டால் தப்பை ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும், பிறகு எந்த நீதிமன்றத்தில் போய் நின்றாலும் அந்தக் காகிதத்தைத்தான் முதலில் நீட்டுவார்கள்.

கல்வி அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கோப்புகளோடுதான் குப்பை கொட்டினேன், அதனால் சொல்கிறேன். உங்கள் அலுவலகத்தில் மூன்று வெவ்வேறு "நிறுத்தம்" எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள். எம்.பில். படிப்பே நின்றது யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைகளால், அது அரசிதழில் வந்தது 07.11.2022. அதற்கப்புறமும் சில பல்கலைக்கழகங்கள் சேர்க்கை நடத்தியதால்தான் 2023 டிசம்பர் கடைசியில் "எம்.பில். அங்கீகரிக்கப்பட்ட பட்டம் அல்ல, சேராதீர்கள்" என்று மறுபடியும் அறிவிப்பு விட்டார்கள். பத்திரிகைகளில் அந்தத் தலைப்பு மட்டும் பெரிசாக வந்தது. எழுத்தர்கள் பலரும் படித்தது அந்தத் தலைப்பைத்தான். புதிதாகச் சேர்க்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள், ஏற்கெனவே வாங்கிய பட்டத்தை அது தொடவே இல்லை. இவ்வளவுக்கும் மருத்துவ உளவியல் எம்.பில்.லுக்கு 2025-26 வரை நீட்டிப்பே கொடுத்தார்கள்.

இரண்டாவது நிறுத்தம் ஊக்க ஊதியத்துக்கு. 1969-ல் அரசாணை 42-ல் ஆரம்பித்தது அது. பணிக்காலம் முழுவதுக்கும் இரண்டு முறை, முறைக்கு இரண்டு ஊதிய உயர்வு என்று ஓடிக்கொண்டிருந்ததைப் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை 10.03.2020 தேதியிட்ட அரசாணை 37-ல் நிறுத்தியது. நீங்கள் வாங்கியது 2013, ஆக இதுவும் உங்களைத் தொடாது.

உங்களைத் தொடக்கூடியது மூன்றாவதுதான். தொலைநிலையில் எம்.பில்., பிஎச்.டி. நடத்தவே கூடாது என்று யு.ஜி.சி. 2009-ல் கொண்டுவந்த விதிமுறை, நடைமுறைக்கு வந்த நாள் 11.07.2009. தணிக்கைக்காரர் எழுதிய "அங்கீகாரம் இல்லாத" என்ற சொல் இங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும். உங்கள் அலுவலகம் அதை 2022 என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே கேள்வி ஒன்றே ஒன்று: நீங்கள் எம்.பில்.லில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள்? பட்டம் வாங்கின தேதி வேண்டாம், சேர்ந்த தேதி.

கணக்கு டீச்சர்:
ஐயா, இப்படி யாருமே பிரித்துச் சொல்லவில்லை, ரொம்ப நன்றி. ஆனால் இப்போதுதான் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பட்டச் சான்றிதழில் 2010 டிசம்பர் என்று பட்டமளிப்பு விழாத் தேதி மட்டும்தான் போட்டிருக்கிறது. மதிப்பெண் பட்டியல் ஒன்றில் டிசம்பர் 2009, இன்னொன்றில் மே 2010. 2009-ல் சேர்ந்ததாகத்தான் ஞாபகம். எந்த மாதம் என்று சத்தியமாக நினைவில்லை. அந்த வருஷம்தான் மகள் பிறந்தாள், தேர்வுக்குக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனது மட்டும்தான் நினைவிருக்கிறது.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்:
பதறாதீர்கள். அந்தக் காலத்தில் தொலைநிலைக் கல்வியில் இரண்டு சேர்க்கை இருக்கும், ஜூலையில் தொடங்கும் கல்வியாண்டு ஒன்று, ஜனவரியில் தொடங்கும் நாட்காட்டி ஆண்டு ஒன்று. நீங்கள் ஜனவரிச் சேர்க்கையாக இருந்தால் கவலையே இல்லை. ஜூலைக்குப் பிறகு என்றால் கொஞ்சம் சிக்கல், அப்போதும் வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். முதலில் பீரோவைக் குடையுங்கள்.

கொரோனா பேட்ச்:
மன்னிக்கவும், குறுக்கே வருகிறேன், ஆனால் விஷயம் இதேதான். நான் முதுகலை ஆசிரியர், எம்.பில். நேரடிச் சேர்க்கையில் பகுதிநேரமாகப் படித்தேன். ஆய்வேட்டை 2020 பிப்ரவரியில் கொடுத்துவிட்டேன், வாய்மொழித் தேர்வு மார்ச் கடைசி வாரம் என்றார்கள். ஊரடங்கு வந்து அது ஆகஸ்டுக்குப் போனது. ஊக்க ஊதியம் கேட்டால் 10.03.2020-க்குப் பிறகு பெற்ற தகுதி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆய்வேடு கொடுத்த தேதியை வைத்துக் கேட்க முடியாதா?

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்:
தம்பி, உங்கள் நிலைமை வருத்தமானதுதான், ஆனால் பொய் நம்பிக்கை கொடுக்க மனசில்லை. ஆய்வேட்டைக் கொடுத்த நாளில் தகுதி வந்துவிடாது, வாய்மொழித் தேர்வு முடிந்து தேர்ச்சி அறிவித்தால்தான் வரும். உங்களுக்கு அது ஆகஸ்ட். மார்ச் 10-க்கு முன்பே தேர்ச்சி பெற்று, விண்ணப்பம் அலுவலகத்தில் தூங்கியதால் விட்டுப்போனவர்கள் நிறையப் பேர் நீதிமன்றம் போயிருக்கிறார்கள், அவர்கள் கட்சி வேறு. அதைப் பார்த்துவிட்டு நீங்களும் ஆயிரக்கணக்கில் கட்டிக் கூட்டு வழக்கில் சேர்ந்துவிடாதீர்கள்.

தோழர் சேகரன்கோட்டை:
கொரோனா பேட்ச் சாருக்கு ஒரு தகவல். ஊக்க ஊதியத்துக்குப் பதிலாக ஒரே தடவை கொடுக்கிற தொகை என்று 2023 அக்டோபரில் அரசாணை 95 வந்தது. முனைவர் பட்டத்துக்கு 25,000, முதுநிலைப் பட்டத்துக்கு 20,000, பட்டம் அல்லது பட்டயத்துக்கு 10,000. அடிப்படை ஊதியத்தில் ஆறு சதவீதம் ஓய்வு வரைக்கும், அப்புறம் ஓய்வூதியத்திலும் சேர்ந்து வந்த இடத்தில் இருபதாயிரத்தை வைத்தால் யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். எங்கள் சங்கம் பழையதையே கேட்டுக்கொண்டிருக்கிறது. இருந்தாலும் முனைவர் பட்டம் பதிவு செய்திருந்தால் மறக்காமல் துறை அனுமதி வாங்கி வையுங்கள், அது இல்லாமல் எதுவும் நகராது.

கணக்கு டீச்சர்:
பழைய இரும்புப் பெட்டியை இரண்டு நாளாகக் குடைந்தேன். அடையாள அட்டை இல்லை. நுழைவுச்சீட்டு ஒன்று கிடைத்தது, அதில் பதிவு எண் இருக்கிறது, சேர்ந்த தேதி இல்லை. ஆனால் எம்.பில். படிக்க அனுமதி கேட்டு நான் எழுதிய விண்ணப்பத்தின் நகலும், அனுமதி வழங்கிய செயல்முறைகளும் கிடைத்தன. செயல்முறைகளின் தேதி 2008 நவம்பர்! அத்தோடு ஒரு வங்கி வரைவோலையின் அடித்தாளும் இருக்கிறது, எழுத்து மங்கிவிட்டது, 12.2008 என்பது மட்டும் தெரிகிறது.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்:
அப்படிச் சொல்லுங்கள்! அப்படியானால் நீங்கள் 2009 நாட்காட்டி ஆண்டுச் சேர்க்கை. ஆனால் அனுமதி வாங்கியது வேறு, சேர்ந்தது வேறு என்று யாராவது வியாக்கியானம் பண்ணுவார்கள். அதனால் பல்கலைக்கழகத்திலிருந்தே ஒரு காகிதம் வேண்டும். நுழைவுச்சீட்டில் உள்ள பதிவு எண்ணைக் குறிப்பிட்டுச் சேர்க்கை நாள், படிப்புக் காலம் இரண்டும் உள்ள சான்று கேட்டுப் பதிவாளருக்கு எழுதுங்கள். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு போட்டுவிடுங்கள், முப்பது நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். சும்மா எழுதினால் உங்கள் கடிதம் எந்த மேசையில் உட்காரும் என்று எனக்குத் தெரியும்.

குறிப்பாணைக்கு அவகாசம் கேட்டு இன்றைக்கே எழுதுங்கள், பல்கலைக்கழகத்துக்கு எழுதிய நகலை இணைத்து. விளக்கத்தில் கதை எல்லாம் வேண்டாம். 2009 விதிமுறை யாருக்குப் பொருந்தும் என்பதற்கு யு.ஜி.சி.யின் 2016 விதிமுறைகளையே காட்டுங்கள். 11.07.2009 அன்றோ அதற்குப் பிறகோ பதிவு செய்தவர்களுக்கு 2009 விதிமுறை என்று அதிலேயே இருக்கிறது. நீங்கள் அதற்கு முந்தி. அவ்வளவுதான் வாதம்.

மலையடிவாரம்:
ஐயா, நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், டீச்சர் மன்னிக்கணும். ஒரு சந்தேகம். எங்கள் ஒன்றியத்து ஆசிரியர் 2010 ஜனவரிச் சேர்க்கை. அவருக்கு வழியே இல்லையா? ஏற்கெனவே மூன்று தவணை கட்டிவிட்டார்.

வழக்காடும் வாத்தியார்:
இதற்கு நான் சொல்கிறேன், சொந்த அனுபவம். ஊதிய உயர்வு கொடுத்தது சரியா என்பது ஒரு கேள்வி, கொடுத்ததைத் திரும்பப் பிடிக்கலாமா என்பது வேறு கேள்வி. முதலாவதில் தோற்றாலும் இரண்டாவதில் ஜெயிக்கலாம். பஞ்சாப் அரசு எதிர் ரஃபீக் மசீஹ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 18.12.2014 அன்று எப்போதெல்லாம் பிடித்தம் கூடாது என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறது. மூன்றாம், நான்காம் பிரிவு (சி, டி) ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஓய்வுக்கு ஒரு வருஷத்துக்குள் இருப்பவர்கள், இவர்களிடம் கூடாது. பிடித்தம் செய்ய ஆணை போடுவதற்கு முன்பே ஐந்து வருஷத்துக்கு மேலாகக் கொடுத்துவந்த தொகையும் கூடாது. 2013-லிருந்து வாங்கினவருக்கு இந்தக் கடைசி அம்சம் கேடயம் மாதிரி.

அப்புறம் 2022 மே மாதம் தாமஸ் டேனியல் எதிர் கேரள அரசு. அவரும் நம்மைப் போலப் பள்ளி ஆசிரியர்தான். துறை விதியைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஊதிய உயர்வு கொடுத்துவிட்டு ஓய்வுக்குப் பிறகு திரும்பக் கேட்டார்கள். அவர் பொய்த் தகவல் எதுவும் கொடுக்கவில்லை, தவறு அரசுடையது, ஆகவே வசூலிக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது.

ஆனால் ஒரு முள் இருக்கிறது. ஊதிய நிர்ணயத்தின்போது "கூடுதலாக வந்தது தெரிந்தால் திருப்பித் தருகிறேன்" என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தால், 2016-ன் ஜக்தேவ் சிங் தீர்ப்பைக் காட்டி அரசுத் தரப்பு மடக்கப் பார்க்கும். நாம் எதிலெல்லாம் கையெழுத்துப் போட்டோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? பணிப்பதிவேட்டு நகலை வாங்கி முதல் பக்கத்திலிருந்து புரட்டச் சொல்லுங்கள். எனக்கு அப்படி ஒரு தாள் இருந்தது, அதனால் இரண்டு வருஷம் இழுத்தது.

தோழர் சேகரன்கோட்டை:
டீச்சர், விண்ணப்பத்தில் எம்.பில். தொலைநிலை என்று மறைக்காமல் எழுதியிருந்தீர்களா? அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

கணக்கு டீச்சர்:
எழுதியிருக்கிறேன் சார். "தொலைநிலைக் கல்வி" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது, தலைமையாசிரியர் மேலொப்பமும் இருக்கிறது. உறுதிமொழி பற்றித் தெரியவில்லை, நாளைக்குப் பணிப்பதிவேட்டைப் பார்க்கிறேன்.

கணக்கு டீச்சர்:
ஐந்து வாரம் கழித்து வருகிறேன், அரையாண்டுத் தேர்வு வேலை. பல்கலைக்கழகத்திலிருந்து தகவல் உரிமை மனுவுக்குத்தான் முதலில் பதில் வந்தது, பதிவாளருக்கு எழுதிய கடிதத்துக்கு இதுவரை ஒன்றுமில்லை (ஐயா சொன்ன மேசையில் இருக்கும்போல). சேர்க்கை நாள் 29.12.2008, படிப்புக் காலம் 2009 நாட்காட்டி ஆண்டு என்று முத்திரையோடு வந்திருக்கிறது. அதை இணைத்து விளக்கம் கொடுத்தேன். மொத்தமே ஒன்றரைப் பக்கம். எழுத்தர் படித்துவிட்டு "அப்போ 2022 இல்லையா இது" என்று கேட்டார். தணிக்கைத் தடையை நீக்கப் பரிந்துரைத்து மேலே அனுப்பியிருக்கிறார்களாம், அதுவரை பிடித்தம் நிறுத்தி வைத்துச் செயல்முறைகள் வந்துவிட்டது. பணிப்பதிவேட்டில் உறுதிமொழித் தாள் ஒன்று இருக்கத்தான் செய்தது, 2017 ஊதிய நிர்ணயத்தோடு சேர்த்துக் கோத்திருக்கிறார்கள், நகல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்:
சந்தோஷம் அம்மா. தடை நீக்கிய ஆணை வந்ததும் அதைப் பணிப்பதிவேட்டில் பதியச் சொல்லித் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள், ஓய்வூதியக் கோப்பு போகும்போது இதே கேள்வி மறுபடியும் கிளம்பும். மலையடிவாரம் தம்பி, உங்கள் நண்பர் நாலாவது தவணையைக் கட்டுவதற்குள் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள்.