பிரின்ஸ்டனில் ஃபிரட்டர்னிட்டி உண்டா, இல்லையா?

வாசுகி_நியூஜெர்சி:
நேற்று பிள்ளைகளின் கல்லூரி பற்றிய இழையில் டெட்ராய்ட் ரகு சார் போகிற போக்கில் இப்படி எழுதிவிட்டுப் போனார்: "ஃபிரட்டர்னிட்டி, சொரோரிட்டி எல்லாம் எந்த யூனிவர்சிட்டியில் பார்த்தாலும் ஒன்றுதான். சிவப்புக் கப், பீர், சத்தம். அலபாமாவுக்கும் பிரின்ஸ்டனுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. தெரியாதவர்களுக்கு: கிரேக்க எழுத்தில் பெயர் வைத்துக்கொண்டு, ஆள் பார்த்துச் சேர்க்கும் மாணவர் அமைப்பு ஃபிரட்டர்னிட்டி. பெண்களுக்கானது சொரோரிட்டி.

அலபாமாவில் சேரும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் வெயிலில், வகுப்பு தொடங்கும் முன்பே வந்துவிடுவாள். மேக்கப் கரையாமல் இருக்கக் கையில் குட்டி பேட்டரி விசிறி. சொரோரிட்டி வீடு ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும். கதவு திறந்ததும் உள்ளே இருக்கும் பெண்கள் வாசல் முழுக்க நெருக்கியடித்து நின்று கைதட்டிப் பாடுவார்கள். கொஞ்ச நேரம் சிரித்த முகத்தோடு பேச்சு, பிறகு அடுத்த வீடு. நாளுக்கு நாள் பட்டியல் சுருங்கும். கடைசி நாள் பிரையன்ட்-டென்னி மைதானத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் உறையைப் பிரித்து, தன்னை எடுத்துக்கொண்ட வீட்டை நோக்கி ஓடுவார்கள். 2021இல் டிக்டாக்கில் பரவியது இதுதான். அதே ஊரில் 2013 வரை வெள்ளையர் சொரோரிட்டிகள் கறுப்பினப் பெண்களைச் சேர்த்தது அபூர்வம். மாணவர் பத்திரிகையான 'கிரிம்சன் ஒயிட்' அம்பலப்படுத்திய பிறகுதான் கதவு திறந்தது.

பிரின்ஸ்டனில் இந்த ஓட்டமும் இல்லை, பாட்டும் இல்லை. அங்கே ஃபிரட்டர்னிட்டியே இல்லை. பிராஸ்பெக்ட் அவென்யூவிலும் அதை ஒட்டியும் 11 சாப்பாட்டு கிளப்புகள் இருக்கின்றன. மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்கள் அங்கே போய்ச் சாப்பிடுவார்கள். இரண்டும் ஒன்றா சார்?

ரகு_டெட்ராய்ட்:
பிரின்ஸ்டனில் ஃபிரட்டர்னிட்டி இல்லையா? என் அக்கா மகன் அங்கே படித்தவன். அவனோடு அறையில் தங்கியிருந்த பையன் ஒரு ஃபிரட்டர்னிட்டியில் இருந்தான். இல்லாத இடத்தில் எப்படி மேடம் இருந்தான்?

வாசுகி_நியூஜெர்சி:
பல்கலைக்கழகம் அவற்றை அங்கீகரிப்பதே இல்லை. 2012 முதல் முதலாண்டு மாணவர்கள் சேரவும் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். நான் அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறேன். அக்கா மகன் சொன்ன கதையை வைத்துப் பேசவில்லை.

ரகு_டெட்ராய்ட்:
ஆக, தடை போட்டிருக்கிறார்கள். இல்லாததற்கு யாராவது தடை போடுவார்களா? நீங்களே என் பக்கம் சாட்சி சொல்லிவிட்டீர்கள். நன்றி.

முருகன்_ஒஹாயோ:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இதெல்லாம் பிறந்த இடம் எங்கள் ஒஹாயோ. மயாமி பல்கலைக்கழகத்தில்தான் பீட்டா தீட்டா பை 1839இல், ஃபை டெல்டா தீட்டா 1848இல், சிக்மா கை 1855இல் தொடங்கின. ஃபிரட்டர்னிட்டிகளின் தாய் என்றே அதற்குப் பெயர்.

சுந்தர்_ஆல்பனி:
முருகன், தாய் என்ற பட்டத்தை எங்கள் ஸ்கெனெக்டடிக்காரர்களிடம் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் யூனியன் கல்லூரியில் கப்பா ஆல்ஃபா சொசைட்டி 1825. சிக்மா ஃபை, டெல்டா ஃபை இரண்டும் 1827. உங்களுடையது பிறப்பதற்குள் எங்களுடையது பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்துவிட்டது.

ரகு_டெட்ராய்ட்:
மயாமி ஃப்ளோரிடாவில் அல்லவா இருக்கிறது? ஒஹாயோ எங்கிருந்து வந்தது?

முருகன்_ஒஹாயோ:
சார், ஒஹாயோவில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் இருக்கிறது. 1809இல் தொடங்கியது. ஃப்ளோரிடா ஒரு மாநிலமாக ஆனதே 1845இல்தான். இதுகூடத் தெரியாமல் அமெரிக்கா முழுக்க எல்லாம் ஒன்றுதான் என்று தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

ரகு_டெட்ராய்ட்:
போன மாதம் வீட்டுக்கடன் இழையிலும் இவர் இப்படித்தான் என்மேல் விழுந்து பிடுங்கினார். வட்டி விஷயத்தில் யார் சொன்னது நடந்தது என்று எல்லோரும் பார்த்தார்கள். அதை விடுங்கள். பிரின்ஸ்டனில் இருக்கிறது.

வாசுகி_நியூஜெர்சி:
பிரின்ஸ்டனில் இல்லை. நீங்கள் வீட்டுக்கடனுக்கு ஓட வேண்டாம்.

ஊர் மாறினால் எல்லாமே மாறும் என்பதற்குப் பென்சில்வேனியாவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் ஒன்றே போதும். அங்கே ஒவ்வோர் ஆண்டும் 'தான்' (THON) என்ற நடன மாரத்தான் நடக்கிறது. 1973இல் ஃபிரட்டர்னிட்டிக்காரர்கள் தொடங்கியது. 46 மணி நேரம் உட்காராமல், தூங்காமல் நின்று ஆடுவார்கள், புற்றுநோய் வந்த குழந்தைகளின் சிகிச்சைக்குப் பணம் திரட்ட. கால் வீங்கிப்போய் நிற்கும் பிள்ளைகளை மற்றவர்கள் தாங்கிப் பிடிப்பார்கள்.

அதே பென் ஸ்டேட்டில், 2017 பிப்ரவரியில், பீட்டா தீட்டா பை வீட்டில் 19 வயதுப் பையனைச் சேர்க்கும் சடங்கு என்று அடுத்தடுத்துக் குடிக்க வைத்தார்கள். படிக்கட்டில் விழுந்தான். சுமார் 12 மணி நேரம் யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. அவ்வளவும் அந்த வீட்டுக் கேமராவிலேயே பதிவாகியிருந்தது. மது கிடையாது என்று சொல்லிக்கொண்ட வீடு அது. அந்தப் பையனின் பெற்றோர் போராடியதால் 2018இல் பென்சில்வேனியாவில் கடுமையான சட்டம் வந்தது. 2024 டிசம்பரில் நாடு முழுவதற்குமே தனிச் சட்டம் வந்தது. சிவப்புக் கப், பீர், சத்தம் என்று ஒரு வரியில் அடக்குகிற விஷயமா சார் இது?

ரகு_டெட்ராய்ட்:
நான் சொன்னதைத்தானே நீளமாகச் சொல்கிறீர்கள்? குடித்தான், செத்தான். எம்.ஐ.டி.யில் 1997இலும் இதே கதைதான். முதலாண்டுப் பையன். அத்தனை மூளை உள்ள இடத்திலேயே அப்படி. அதற்குத்தான் சொன்னேன், எங்கே போனாலும் ஒன்று.

வாசுகி_நியூஜெர்சி:
எம்.ஐ.டி. அதற்குப் பிறகு என்ன செய்தது என்று பாதியில் விட்டுவிட்டீர்களே. 2002 முதல் முதலாண்டுப் பிள்ளைகள் வளாக விடுதியில்தான் தங்க வேண்டும் என்று மாற்றினார்கள். அதற்கு முன்பு வந்து இறங்கிய சில நாட்களிலேயே ஃபிரட்டர்னிட்டி வீட்டுக்குக் குடிபோகலாம். எல்லா இடமும் ஒன்று என்றால் ஓர் இடத்தில் மட்டும் விதி எப்படி மாறியது?

பிரியா_ஹூஸ்டன்:
அக்கா, சார், இரண்டு பேரும் வெளியே நின்று பேசுகிறீர்கள். நான் டெல்டா ஃபை ஒமேகாவில் இருந்தவள். தெற்காசியப் பெண்களுக்கான சொரோரிட்டி, 1998இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அலபாமா மாதிரி மாளிகையெல்லாம் எங்களுக்குக் கிடையாது. யாராவது ஒருத்தியின் அப்பார்ட்மென்ட் தரையில் வட்டமாக உட்கார்ந்துதான் கூட்டம் நடக்கும். இன்றைக்கும் எனக்கு ஒன்று என்றால் முதலில் ஓடி வருவது அந்தப் பெண்கள்தான்.

ரகு_டெட்ராய்ட்:
நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ்ச் சங்கம் போதாதா அம்மா? கிரேக்க எழுத்தில் பெயர் வைத்தால்தான் தோழி கிடைப்பாளா?

பிரியா_ஹூஸ்டன்:
எங்கள் ஊர்ச் சங்கத்தில் என்னை மேடையில் ஆடச் சொன்னார்கள், பந்தியில் பரிமாறச் சொன்னார்கள். கமிட்டியில் ஒரு கருத்து சொல்ல விடவில்லை. வரவுசெலவுத் திட்டம் போட, ஆள் திரட்ட, பொறுப்பெடுத்து நடத்த நான் கற்றது அங்கேதான். உங்கள் சங்கத்தில் 25 வயதுக்குள் யார் சார் பொறுப்பில் இருக்கிறார்கள்?

சுந்தர்_ஆல்பனி:
சங்கத்தை இழுக்காதீர்கள். அந்தச் சண்டைக்கு ஏற்கெனவே மூன்று இழை ஓடுகிறது.

வாசுகி_நியூஜெர்சி:
பிரியா சொன்னதைத்தான் வாஷிங்டனில் கறுப்பின மாணவர்களுக்காக எழுந்த ஹோவர்டு பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுத நினைத்தேன். ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற சொரோரிட்டி அங்கே 1908இல் தொடங்கியது. கமலா ஹாரிஸ் அந்த அமைப்பில் சேர்ந்தது அங்கேதான். கறுப்பின மாணவர்களை மற்றவர்கள் வாசலிலேயே நிறுத்திய காலத்தில் அவர்களே கட்டியவை இவை. டெல்டா சிக்மா தீட்டா 1913 ஜனவரியில் பிறந்தது. மார்ச் மாதமே வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தார்கள். பட்டம் வாங்கியதும் முடிகிற உறவு இல்லை. பாட்டியான பிறகும் கூட்டத்துக்குப் போவார்கள். இதையும் அலபாமாவையும் ஒரே தட்டில் வைக்கவே எனக்கு மனம் வரவில்லை.

முருகன்_ஒஹாயோ:
எல்லாம் சரி, தொடக்கம் மயாமி. நாடு முழுக்கப் பரவியது அந்த மூன்றுதான். சுந்தரின் யூனியன் மூன்றும் அளவில் சின்னவை.

சுந்தர்_ஆல்பனி:
பரவியதும் பிறந்ததும் ஒன்றா? 1825. திரும்பவும் படியுங்கள்.

ரகு_டெட்ராய்ட்:
வாசுகி மேடம் ஹோவர்டுக்கும் ஹூஸ்டனுக்கும் ஊர் சுற்றுகிறார். கேட்டது பிரின்ஸ்டன். அந்தச் சாப்பாட்டு கிளப்பில் ஆள் எடுக்க நேர்காணல் வைப்பார்களாமே, பிடிக்காதவனைக் கழித்துவிடுவார்களாமே. அதற்குப் பெயர் என்ன?

வாசுகி_நியூஜெர்சி:
'பிக்கர்' என்பார்கள். எல்லா கிளப்பிலும் கிடையாது. சிலவற்றில் பெயர் கொடுத்தாலே சேரலாம். ஐவி கிளப் 1879இல் வந்தது. உட்ரோ வில்சன் அங்கே தலைவராக இருந்தபோது 1907இல் இந்த கிளப்புகளை ஒழிக்கப் பார்த்துத் தோற்றார். பெண்களைச் சேர்க்க மாட்டோம் என்று அடம்பிடித்த கடைசி மூன்று கிளப்புகளுக்கும் எதிராக ஒரு மாணவி 1979இல் தொடங்கிய வழக்கு பத்து ஆண்டுக்கு மேல் இழுத்தது. ஆள் பார்த்துக் கழிப்பது அங்கேயும் நடக்கிறது, அதை நான் ஒருநாளும் மறுக்கவில்லை. ஆனால் அது கிளப். ஃபிரட்டர்னிட்டி இல்லை.

ரகு_டெட்ராய்ட்:
அக்கா மகனிடம் இப்போதுதான் வாட்ஸ்அப்பில் கேட்டேன். "இருந்தது மாமா" என்கிறான். ஸ்க்ரீன்ஷாட் போடவா?

வாசுகி_நியூஜெர்சி:
போடுங்கள். பிரின்ஸ்டன் அங்கீகரித்த கடிதம் ஒன்று இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள்.

முருகன்_ஒஹாயோ:
ஸ்க்ரீன்ஷாட் வரும்வரை ரகு சார் மயாமி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை எழுதட்டும்.

ரகு_டெட்ராய்ட்:
முருகனுக்கு நான் பதில் சொல்வதாக இல்லை. பிரின்ஸ்டனில் இருக்கிறது.