அப்ரூவல் இல்லாத மனை, கூட்டுப் பட்டா: வீடு கட்ட அனுமதி வாங்க வழி உண்டா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் எங்களுக்கு 30க்கு 40 மனை இருக்கிறது. மாந்தோப்பாக இருந்த இடத்தை மனை போட்டு விற்றபோது, 2014-இல் அப்பா வாங்கிப் பத்திரம் பதிந்தார். இப்போது கீழ்த்தளம் மட்டும் 850 சதுர அடியில் கட்ட நினைக்கிறோம். சுயசான்று முறையில், அதாவது நாமே உறுதிமொழி கொடுத்து விண்ணப்பிக்கும் முறையில், உடனே அனுமதி கிடைக்கும் என்று நம்பியிருந்தேன். பத்திரத்தைப் பார்த்த பொறியாளர், "மனை அப்ரூவ்டு இல்லை, பட்டாவும் பலர் பெயரில் உள்ள கூட்டுப் பட்டா, இப்போது விண்ணப்பம் போட்டால் நிற்காது" என்கிறார். மேஸ்திரியோ கடைக்கால் எடுத்துவிடலாம், அனுமதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். தையில் வாசக்கால் வைக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. என்ன செய்யட்டும்?

பதில் (பாலக்கோடு):
தம்பி, கடைக்கால் மட்டும் எடுக்காதீங்க. அனுமதி இல்லாமல் எழும்பிய கட்டடத்துக்கு வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம்.

பதில் (கட்டடப் பொறியாளர், தருமபுரி):
உங்கள் பொறியாளர் சொன்னது சரி. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் அளவுதான்: 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளம் அல்லது அதன்மேல் ஒரு மாடி. ஆனால் அதில் உறுதிமொழி கொடுப்பது நீங்கள். மனையில் குறை இருந்தால் அந்த அனுமதி உங்களைக் காப்பாற்றாது.

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. 20.10.2016-க்கு முன் பதிந்த மனைகளுக்குத்தான் 2017-இல் வரன்முறை விதிகள், அதாவது அப்ரூவல் இல்லாத மனையை முறைப்படுத்தும் விதிகள், வந்தன. உங்கள் பத்திரம் 2014. முதலில் அந்த மனைப்பிரிவு முழுவதற்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்தின் கொள்கை ஒப்புதல் (மனைப்பிரிவு முழுவதையும் முறைப்படுத்தத் தரும் முதல் ஒப்புதல்) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் மனையைப் பேரூராட்சியிலேயே வரன்முறை செய்துகொள்ளலாம், கட்டணம் உண்டு. காலக்கெடுவைப் பல முறை நீட்டித்திருக்கிறார்கள், இப்போதைய நிலையை அங்கேயே கேட்டுவிடுங்கள். அதே மனைப்பிரிவில் யாராவது வீடு கட்டியிருந்தால் அவரிடம் வரன்முறை ஆணையின் நகல் வாங்குங்கள். கொள்கை ஒப்புதல் எண் அதிலேயே இருக்கும், அலைச்சல் பாதி குறையும்.

பட்டாவுக்கு இ-சேவை மையத்தில் உட்பிரிவோடு (உங்கள் மனையை அளந்து தனியாகப் பிரிப்பது) பெயர் மாற்றம் போடுங்கள். சர்வேயர் வரும் நாளில் நீங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். போன வருடம் ஒரு மனையில் பத்திரம் 30 அடி என்றது, டேப் 29 அடிதான் காட்டியது. பக்கத்துக்காரர் நட்ட கல்கால் உள்ளே தள்ளியிருந்தது. அந்த ஓரடிக் குறையைக் கவனிக்காமல் 30 அடிக்கே பிளான் போட்டிருந்தால் பக்க இடைவெளி தப்பாகியிருக்கும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா. எங்கள் தெருக்கோடியில் ஒரு அக்கா 2019-இல் வரன்முறை செய்திருக்கிறார், நகல் கொடுத்தார். ஒப்புதல் எண் இருக்கிறது! உட்பிரிவுக்கும் இன்று விண்ணப்பித்துவிட்டேன். மேஸ்திரிக்குக் கொடுத்த அட்வான்ஸ் மட்டும்தான் கவலை.

பதில் (பாலக்கோடு):
அவரிடம் விஷயத்தைச் சொல்லுங்க, பொறுத்துக்கொள்வார். அப்பாவிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்க. தை இல்லாவிட்டால் வைகாசியிலும் முகூர்த்தம் இருக்கிறது.